கொடுக்கிறவரிடம் யார் கேட்டார்கள்?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

தருமபுரியில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற மாதம் எங்கள் பேட்ச்சுக்கு டயாலிசிஸ் வார்டில் போஸ்டிங் இருந்தது. பென்னாகரம் பக்கமிருந்து வரும் ஒருவருக்கு அவருடைய மனைவியே சிறுநீரகம் கொடுக்கப்போகிறார் என்று அங்கே தெரிந்தது. எங்கள் சீனியர் அந்த அம்மாவிடம் "பயமா இல்லையாம்மா?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரருக்குத்தானே சார்" என்று சிரித்தார்.

அன்று இரவு ஹாஸ்டலில் இதே பேச்சு. செத்த பிறகு உறுப்பு கொடுப்பீர்களா என்றதும் எல்லாரும் கை தூக்கினார்கள். உயிரோடு இருக்கும்போது? அம்மா அப்பாவுக்கு என்றால் அநேகமாக எல்லாரும் சரி என்றார்கள். அண்ணன் தம்பிக்கு என்றதும் கைகள் குறைந்தன. முன்பின் தெரியாதவருக்கு ஒரு கைகூட எழவில்லை. அப்பாவுக்கே என்றாலும் இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது என்று நான் மட்டும் சொன்னேன். "படிக்காத அந்த அம்மாவுக்கு இருக்கிற மனசு உனக்கு இல்லையே, நீயெல்லாம் என்ன டாக்டர் ஆகப்போற" என்றார்கள்.

படிப்பு எங்களைக் கோழை ஆக்குகிறதா அம்மா? தான் கொடுக்கத் தயங்குகிறவன், நாளை இன்னொருவரிடம் கொடுக்கச் சொல்லலாமா? இவ்வளவு தட்டுப்பாடு இருக்கும்போது, பணம் கொடுத்து வாங்குவதைச் சட்டபூர்வமாக்கினால் என்ன? மதங்கள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன?

இப்படிக்கு,
பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் மாணவன்

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, போகிற போக்கில் எழுதிய அந்தப் பென்னாகரத்து அம்மாவின் சிரிப்புதான் என்னை உட்காரவிடவில்லை. பல மாதமாக இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்துவிட்டது. எழுதிவிடுகிறேன்.

முதலில் விலைக்கு வாங்குவது. கூடாது. 1994ஆம் வருட உறுப்பு மாற்றுச் சட்டம் அதைக் குற்றம் என்று சொல்லியிருக்கிறது, சரியாகவே சொல்லியிருக்கிறது. பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடனை அடைக்கச் சிறுநீரகத்தைக் கொடுத்த செய்தி 2025இல் வந்ததே, படித்தீர்கள்தானே? கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது ஒருவர் போடுகிற கையெழுத்தை எந்தச் சட்டத்தைக் கொண்டு கழுவினாலும் அது சம்மதம் ஆகாது. மதம் பற்றி இப்போது வேண்டாம். இந்த விஷயத்தில் யாரையும் தடுத்து நிறுத்துவது மதம் இல்லை.

கோழைத்தனம் பற்றிக் கேட்டீர்கள். உங்களுக்கு நான் மருத்துவம் சொல்லித்தர முடியாது, ஆனாலும் தேடிப் படித்ததைச் சொல்கிறேன். கொடுப்பவர் அந்த அறுவைசிகிச்சையால் இறக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் மூன்று என்று 2010இல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. வாழ்நாளில் அவருக்கே சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் 90. அவரைப்போலவே ஆரோக்கியமாக இருந்து கொடுக்காமல் இருப்பவருக்கு 14. இது 2014இல் வந்த கணக்கு. சின்ன அபாயம்தான். ஆனால் இல்லாத அபாயம் இல்லை. அதைத் தெரிந்துகொண்டு, இருபத்தொரு வயதில், "இப்போது சொல்ல முடியாது" என்று சொன்ன நீங்கள் கோழை இல்லை. அந்த அறையில் யோசித்துப் பேசியவர் நீங்கள் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள், உடம்பில் இருப்பதை எடுத்துக் கொடுப்பது கை தூக்கி முடிவு பண்ணும் விஷயம் இல்லை. வராத நோய்க்குச் செய்கிற சபதத்துக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

ஆனால் தம்பி, உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அந்த இரவு முழுக்க நீங்கள் எல்லாரும் உங்களையே கொடுக்கிறவர்களாக நினைத்துப் பேசியிருக்கிறீர்கள். அம்மாவுக்குக் கொடுப்பேன் என்று கை தூக்கிய பிள்ளைகள் ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கட்டும். நாளை உங்களில் ஒருவருக்குச் சிறுநீரகம் போனால், யாரும் கூப்பிடாமலே முதலில் வந்து நிற்பது அம்மாதான். அம்மாவுக்கே போனால்? "எனக்கென்ன, வாழ்ந்து முடிச்சாச்சு, புள்ள உடம்புல கத்தி வைக்க வேண்டாம்" என்று சொல்லி வாரத்துக்கு மூன்று நாள் மெஷினில் படுத்தே காலத்தைத் தள்ளுவார். நீங்கள் தூக்கிய கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுவதே அவராகத்தான் இருக்கும். 1995 முதல் 2021 வரை இந்தியாவில் மாற்று உறுப்பு பெற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். உயிரோடு கொடுப்பவர்களிலோ பெண்கள்தான் அதிகம். ஆண்களுக்குத்தான் அதிகம் சிறுநீரகம் கெடுகிறது, குடி, சர்க்கரை என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். இருக்கட்டும். அது வாங்குகிற பக்கத்துக்குச் சொல்கிற காரணம். கொடுக்கிற பக்கத்துக்கு என்ன காரணம்?

நான் பார்த்ததைச் சொல்கிறேன். என் சின்னம்மா மகள் ஒருத்தி காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாக்கப்பட்டவள். இரண்டு மாடு, கொஞ்சம் தக்காளி, ஆடி வந்தால் ராகி. அவள் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் போனது. நான் அப்போது ஓசூரில் வேலையில் இருந்தேன். போனில் எனக்கு வந்த செய்தியே, "ஆபரேஷன் முடிவாயிடுச்சு, அவதான் குடுக்கறா" என்பதுதான். அவருக்கு உடன்பிறந்த தம்பிகள் இரண்டு பேர். மூத்தவர் லாரி ஓட்டுகிறார், உடம்பு வேண்டும். இளையவர் மாங்கூழ் ஆலையில் வேலை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, நாளைக்குப் பெண் கொடுக்கிறவர்கள் கேட்பார்கள். இருவருக்கும் பிளட் குரூப்கூடப் பார்க்கவில்லை. இவளுக்கு ஓ பாசிட்டிவ், எல்லாருக்கும் சேரும் என்று யாரோ சொன்னதும் பேச்சு முடிந்தது. மாமியார் சொன்ன காரணத்தை எனக்கு அப்படியே சொன்னார்கள்: "அவ வீட்லதானே இருக்கா."

வீட்டில் இருக்கிறாளாம்! விடியற்காலை நாலு மணிக்குப் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, பகலெல்லாம் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்துவிட்டு, சாயங்காலம் தலையில் புல்லுக்கட்டோடு வருகிறவள் வீட்டில் இருக்கிறாள். லாரி ஓட்டுவதற்கு உடம்பு வேண்டும், இதற்கெல்லாம் வேண்டாம்.

பெரிய ஊரில் ஒரு மருத்துவமனை. அங்கே நேர்காணல் நடந்தது. பக்கத்தில் மாமியாரும் பெரிய கொழுந்தனாரும் நிற்க, "முழு சம்மதம்தானேம்மா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இவள் தலையாட்டியிருக்கிறாள். அந்த மனிதர் ஒரு நிமிடம், ஒரே நிமிடம், மற்றவர்களை வெளியே போகச் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. 2014ஆம் வருட விதிகளில், கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை, அவருடைய சுதந்திரமான சம்மதத்தை உறுப்பு பெறுகிறவர் அல்லாத வேறொருவர் மூலம் உறுதி செய்ய வேண்டும் என்று தனியாகவே எழுதியிருக்கிறது. யாரோ நம் வீடுகளை நன்றாகத் தெரிந்தவர்தான் அதை எழுதியிருக்க வேண்டும். ஆனால் பெறுகிறவர் அல்லாத அந்த வேறொருவர் யார்? மாமியாரும் பெறுகிறவர் அல்லாதவர்தான். கொழுந்தனாரும்தான். எழுதிய விதி என்னவோ நல்ல விதி. அதற்கு உயிர் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணமான பெண் தன்னைப் பெற்ற அப்பாவுக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வந்தால் என்ன நடக்கிறது தெரியுமா? புருஷன் கையெழுத்து எங்கே என்று கேட்கிறார்கள். 2022இல் தில்லி உயர்நீதிமன்றம் வரை போனது ஒரு வழக்கு. பிரிந்து வாழும் கணவரின் சம்மதம் இல்லாமல் அப்பாவுக்குக் கொடுக்க முடியாது என்று நிறுத்தப்பட்ட மகள் அவர். சட்டம் கணவரின் சம்மதத்தைக் கட்டாயமாகக் கேட்கவில்லை என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. புருஷனுக்குக் கொடுக்க அவளைக் கேட்க வேண்டியதில்லை, பெற்றவருக்குக் கொடுக்கப் புருஷனைக் கேட்க வேண்டும். அப்படியானால் அந்த உடம்பு யாருடையது? நாளைக்கு உங்கள் மேசைக்கு முன்னால் வந்து உட்காரப்போகிற கேள்வி இது.

நம் மண்ணில் நின்றுகொண்டு இதைச் சாதாரணமாக என்னால் கேட்க முடியவில்லை. பெண் குழந்தை பிறந்தால் என்ன செய்வார்கள் என்று நாடே நம்மைப் பார்த்துப் பேசிய காலம் ஒன்று இருந்தது. பெண் குழந்தையைக் கொல்லாமல் போட்டுவிட்டுப் போகட்டும் என்று 1992இல் சேலத்தில் அரசு தொட்டில் வைத்தார்கள், 2001இல் அதே தொட்டில் தருமபுரிக்கும் வந்தது. அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்துக்குள்தான். அந்த வருடங்களில் பிறந்து, கள்ளிப்பாலுக்கும் நெல்மணிக்கும் தப்பிப் பிழைத்த பெண்கள்தான் இப்போது முப்பது, முப்பத்தைந்து வயது மனைவிகள். கொடுக்கிற வயதில் இருப்பவர்கள். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட உடம்பில் பாதியை இன்று வேண்டும் என்கிறோம். அதையும் கேட்காமல் எடுக்கிறோம்.

மறுபடியும் சின்னம்மா மகளுக்கு வருகிறேன். ஆபரேஷன் நன்றாக முடிந்தது, அதை மறைக்கக் கூடாது. அவள் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, நேரம் தவறாமல் மாத்திரை, அவருக்கென்று தனியாகக் காய்ச்சிய தண்ணீர், தனித் தட்டு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின், அவருடைய அந்த அளவை வீடே சொல்லும். இவளுடைய அளவு யாருக்கும் தெரியாது. கொடுத்தவருக்கும் வருடம் ஒருமுறை ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் பார்க்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்தச் சீட்டு பீரோவில் இருந்தது. வீட்டில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை, படித்துச் சொல்லவும் ஆளில்லை.

அவளுக்கு மூட்டு வலி உண்டு. நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒகேனக்கல் தண்ணீர் 2013இல் வருவதற்கு முன்பு ஃப்ளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்தே வளர்ந்த தலைமுறை. பல் பழுப்பு, முழங்கால் வலி, இடுப்பு வலி. வலி வந்தால் மெடிக்கல் ஷாப்பில் போய் "மூட்டு வலிக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போடுவார்கள். அவளும் போட்டாள். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர் அந்த வலி மாத்திரைகளை இஷ்டத்துக்குப் போடக்கூடாது என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்கு யார் சொன்னார்கள்? மெடிக்கல் ஷாப்காரருக்கு அவளுக்கு ஒன்றுதான் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

கடைசியில் எப்படித் தெரிந்தது தெரியுமா? மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021இல் நம் சாமனப்பள்ளியில்தானே தொடங்கி வைத்தார்கள், அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஒரு பெண், அவள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்க வந்தவர், "நீங்களும் உக்காருங்கக்கா, கையக் குடுங்க" என்று இவளுக்கும் பிரஷர் பார்த்திருக்கிறார். ஏறிக் கிடந்தது. இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள், சிறுநீரும் ரத்தமும் பார்த்துக்கொள்கிறாள், நிலைமை கைமீறவில்லை. கொடுத்ததால்தான் வந்தது என்று நான் சொல்லவரவில்லை, யாருக்கும் வரக்கூடியதுதான். ஆனால் அந்தப் பெண் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்காவிட்டால் இன்றுவரை யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பெண்ணை நான் நேரில் பார்த்ததில்லை. கும்பிடுகிறேன்.

சின்னம்மா மகளிடம் ஒருநாள் கேட்டேன், "உனக்கு அப்ப மனசு இருந்துச்சா?" என்று. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே சொன்னாள்: "கேட்டிருந்தாலும் குடுத்திருப்பேன்க்கா. ஆனா கேட்டிருக்கலாம் இல்ல?"

இதைத்தான் உங்களுக்குப் புரியவைக்கப் பார்க்கிறேன். அவள் அன்பைச் சந்தேகப்படவில்லை. பென்னாகரத்து அம்மாவின் அன்பையும் சந்தேகப்படவில்லை. அன்பு இருக்கிறது என்பதற்காகக் கேட்காமல் விடுவதைத்தான் திட்டுகிறேன். உங்கள் நண்பர்கள் அந்தச் சிரிப்பைப் பார்த்து "என்ன மனசு" என்று புகழ்ந்துவிட்டு, அதே புகழ்ச்சியை எடுத்து உங்களை அடித்தார்கள். ஒருவருக்காவது, அந்த அம்மா "இல்லை சார், எனக்குப் பயமாத்தான் இருக்கு" என்று சொல்ல நினைத்திருந்தால் அந்த வார்டில், அத்தனை பேருக்கு முன்னால், கட்டிலில் புருஷன் படுத்திருக்க எப்படிச் சொல்லியிருப்பார் என்று தோன்றியதா? அங்கே சிரிப்பதைத் தவிர அவருக்கு வேறு என்ன வழி இருந்தது?

உங்கள் புத்தகத்தில் 1954ஆம் வருடம் வரும், வெற்றிகரமாக நடந்த முதல் சிறுநீரக மாற்று. டிசம்பர் 23, பாஸ்டன், ஹெரிக் என்னும் இரட்டைச் சகோதரர்கள், ரொனால்ட் கொடுக்க ரிச்சர்ட் வாங்கினார். ஆபரேஷன் செய்த ஜோசப் மர்ரேக்கு 1990இல் நோபல் பரிசு. தேர்வுக்கு இதைப் படித்திருப்பீர்கள். ஆபரேஷனுக்கு முந்தைய இரவு நடந்ததைப் படித்தீர்களா? சாகக்கிடந்த ரிச்சர்ட் தன் சகோதரனுக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பினார், நீ எழுந்து வீட்டுக்குப் போய்விடு என்று. ரொனால்ட், நான் வந்துவிட்டேன், இங்கேதான் இருப்பேன் என்று பதில் எழுதினார். வாங்குகிறவரே கதவைத் திறந்து வைத்து, போகலாம் என்று சொன்ன பிறகும் தங்கியவர் அவர். ரிச்சர்ட் அதற்குப்பின் எட்டு வருடம் வாழ்ந்தார். ரொனால்ட் ஒற்றைச் சிறுநீரகத்தோடு 2010 வரை வாழ்ந்தார். நம் பக்கத்தில் 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கியதிலிருந்து எத்தனையோ வீடுகளில் விளக்கேற்றிய வைத்தியம் இது. அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு. மரியாதை இருப்பதால்தான் அந்தச் சீட்டு ஒவ்வொரு வீட்டிலும் எழுதப்பட வேண்டும் என்கிறேன்.

நம் வீடுகளில் அந்தச் சீட்டை எழுதக்கூடியவர் மருத்துவர் மட்டும்தான். கணவர் எழுதமாட்டார், சாவு பயத்தில் இருப்பவரிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. மாமியார் எழுதமாட்டார், அது அவர் பெற்ற பிள்ளை. அம்மா வீட்டில், "நீ வாழ்க்கைப்பட்ட இடம், பார்த்துக்கோ" என்பார்கள். மிச்சம் இருப்பது நீங்கள்தான். கதவைச் சாத்திவிட்டு, "உங்களுக்கு வேண்டாம் என்றால் இந்த நிமிடமே நிறுத்திவிடலாம், காரணத்தை நான் யாரிடமும் சொல்லமாட்டேன், உங்கள் உடம்பு இதற்குத் தோதுப்படாது என்று மட்டும் வீட்டில் சொல்வோம்" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள். நல்ல மருத்துவர்கள் இப்படிச் சொல்கிறார்கள். இப்படிச் சொன்ன பிறகும் "இல்லைங்க டாக்டர், நான் குடுக்கறேன்" என்றால் அதுதான் சம்மதம். அதற்குப் பிறகு கத்தியை எடுங்கள்.

ஹாஸ்டலில் எல்லாரும் கை தூக்கிய அந்த இன்னொன்றைப் பற்றி ஒரு வார்த்தை. 2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகு தமிழ்நாட்டில் எவ்வளவோ மாறியது. 2023 முதல், இறந்தபின் உறுப்பு கொடுப்பவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. நான் மனதாரப் பெருமைப்படுகிற விஷயம் அது. அதே ஊரில் உயிரோடு கொடுத்துவிட்டுப் புல்லுக்கட்டு சுமக்கிறவளுக்கு நாம் என்ன செய்கிறோம்? மாலை வேண்டாம். வருடத்துக்கு ஒரு பிரஷர், ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. கொடுத்தவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, வராவிட்டால் ஆள் அனுப்பிக் கேட்கிற ஒரு நர்ஸ். அது முடியாதா நம்மால்?

தான் கொடுக்கத் தயங்குகிறவன் இன்னொருவரைக் கொடுக்கச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லவே கூடாது தம்பி, கொடுத்தவரும் சொல்லக்கூடாது. கொடுக்கச் சொல்வது மருத்துவரின் வேலை இல்லை. இருக்கும் வழிகளை எடுத்து வைக்கலாம், மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறப் பதிவு செய்யலாம் என்பதையும் சேர்த்து. உங்களுக்கு இருக்கிற அந்தத் தயக்கத்தை விட்டுவிடாதீர்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் தயக்கம் உங்களுக்குத்தான் சீக்கிரம் காதில் விழும்.

போஸ்டிங் முடிந்துவிட்டது என்று சும்மா இருக்க வேண்டாம். அந்த அம்மா அடுத்த முறை வரும்போது போய்ப் பாருங்கள். வீட்டுக்காரர் மெஷினில் இருக்கும் நாலு மணி நேரமும் அவர் வெளியே வராந்தாவில்தான் உட்கார்ந்திருப்பார். டீ வாங்கிக் கொடுங்கள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது கேளுங்கள். நீங்கள் மாணவர், முடிவு சொல்லும் இடத்தில் இல்லை. அவர் தயங்கினால், அவர் சரி என்றால் மட்டும், உங்கள் யூனிட் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் வீட்டாரிடம் ஒரு வார்த்தையும் வேண்டாம். கொடுக்கிறேன் என்று அவரே சொன்னால், மெடிக்கல் ஷாப்பில் எந்தெந்த வலி மாத்திரை வாங்கக்கூடாது, வருடம் ஒருமுறை என்னென்ன பார்க்க வேண்டும் என்று தெளிவான தமிழில், பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எழுதியதை முதலில் உங்கள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது என்றால் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை யாரென்று கேட்டு, அந்தப் பிள்ளை பெயரையும் தாளின் மேலே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அம்மா வயதுள்ள ஒருத்தி
காவேரிப்பட்டினம்